பட்ஜெட் பக்கத்தை முதலில் எழுதுங்கள்

கணினி அறிவியலில் ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆய்வுக் கேள்வியில் தொடங்கி, முந்தைய ஆய்வுகள், வேலைத்திட்டம் என்று இறங்கி, கடைசி நாள் இரவில்தான் பட்ஜெட் பக்கத்துக்கு வருகிறார்கள். இணையத்தில் பார்த்த ஒரு ஜி.பி.யூ. (பெருங்கணக்குகளை வேகமாகப் போடும் கணினி அட்டை) விலையும், போன வருடம் நண்பர் போட்ட பயணச் செலவும் அவசரத்தில் அதில் ஏறிவிடுகின்றன. திட்டம் தேர்வாகிவிட்டால் மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கத்தோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். என்ன வாங்கலாம், யாரை வேலைக்கு வைக்கலாம், தணிக்கையில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அதனால் முதலில் எழுத வேண்டிய பக்கம் அதுதான். பணக்கணக்கை எழுதிப் பார்த்தாலே ஆய்வுக் கேள்வியின் அளவு சரியா என்று தெரிந்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததே. மத்திய அரசின் ஆய்வு மானியங்களைத் தந்துவந்த, செர்ப் என்று எல்லோரும் அழைத்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 2023-இல் இயற்றப்பட்டு 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அதன் இடத்தை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. பழைய திட்டங்களில் சில பெயர் மாறின, சில அப்படியே தொடர்ந்தன. ஆகவே ஒவ்வொரு அழைப்பையும் புதிதாக, முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். போன ஆண்டின் விதியை நம்பிப் போன ஆண்டின் படிவத்தை நிரப்பியவர்களின் விண்ணப்பங்கள் தகுதிச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடுகின்றன.

அல்காரிதம், சிக்கல்தன்மைக் கோட்பாடு போன்ற பேனாவும் காகிதமுமான ஆய்வுக்கு, செர்ப் நடத்திய மேட்ரிக்ஸ் என்ற சிறு மானியத் திட்டம் பொருத்தமாக இருந்துவருகிறது. ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் மூன்று ஆண்டுகள். தொகை சிறியதுதான். ஆனால் ஆள் எடுக்க வேண்டாம், பெரிய கொள்முதலும் இல்லை, கணக்குத் தொல்லை மிகக் குறைவு. இதைக் குறைவாக மதிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் முதல் மானியத்தைப் பிசகில்லாமல் முடித்த பெயர் அடுத்த விண்ணப்பத்துக்குப் பெரிய பலம். தனியார் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு டேர் என்றொரு வழி உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற ஓர் ஆதரவு நிறுவனத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் வேலை செய்ய வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ஆய்வு நிதி, அதில் பாதி ஆதரவு நிறுவனத்துக்கு. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஊக்கத்தொகை. இதில் பிசகுவது எப்போதும் அந்த 90 நாள்தான். செமஸ்டர் நடக்கும்போது கல்லூரி விடுவிக்காது. கோடை விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் சேர்ந்தாலும் 90 எட்டாது. விண்ணப்பிக்கும் முன்பே முதல்வரிடம் எந்தெந்த நாட்கள் என்று தேதியோடு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி பணத்தின் இரண்டு பிரிவுகள். அரசு மானியம் கேபிடல் (நிலைத்து நிற்கும் கருவிகள்), ஜெனரல் (நடப்புச் செலவு) என்று இரண்டு ஹெட்டாக, அதாவது கணக்குத் தலைப்பாக, பிரிந்தே வருகிறது. சர்வர், ஜி.பி.யூ., யூ.பி.எஸ். கேபிடல். ஆய்வாளர் சம்பளம், பயணம், நுகர்பொருள், சில்லறைச் செலவு ஜெனரல். ஜெனரலில் மீந்த பணத்தில் முன்அனுமதி இல்லாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கூட வாங்கக் கூடாது. கணினித் துறையில் இந்தக் கோடு அடிக்கடி குழம்புகிறது. கிளவுட் வாடகை எங்கே போகும்? ஓராண்டு மென்பொருள் உரிமம் எங்கே போகும்? இரண்டும் ஆண்டோடு தீர்ந்துபோகிற செலவு என்பதால் ஜெனரலில் காட்டி, முன்மொழிவிலேயே காரணம் எழுதிவிட வேண்டும். முன்மொழிவில் எழுதாத தலைப்பை நடுவில் கேட்டால் கடிதம் போகும், பதில் வர மாதங்கள் ஆகும்.

ஆள் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையான விகிதத்தில் ஜே.ஆர்.எஃப்.-க்கு (இளநிலை ஆய்வாளர்) மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப்.-க்கு (முதுநிலை ஆய்வாளர்) 42,000. இரண்டு ஆண்டு ஜே.ஆர்.எஃப்., ஓராண்டு எஸ்.ஆர்.எஃப். என்றால் 8,88,000 + 5,04,000 = 13,92,000. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. அது ஊரைப் பொறுத்தது: சென்னையில் 30 விழுக்காடு, கோவை, மதுரை போன்ற ஊர்களில் 20, சிறு ஊர்களில் 10. சென்னைக் கல்லூரிக்கு 4,17,600 கூடி மொத்தம் 18,09,600 ஆகிறது. 30 லட்ச ரூபாய்த் திட்டத்தில் ஒரே ஓர் ஆய்வு மாணவருக்கு 18 லட்சம் போனால், மிச்சம் 12 லட்சத்தில்தான் கருவியும் மற்ற எல்லாமும். “இரண்டு ஜே.ஆர்.எஃப்., ஒரு சர்வர்” என்று எழுதிய பல முன்மொழிவுகள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு ஜே.ஆர்.எஃப்.-ஓடு நின்றிருக்கும். மதிப்பீட்டாளர் இந்தக் கூட்டலை நிச்சயம் போடுவார்.

ஆள் கிடைப்பதும் தனிப் பாடு. ஒப்புதல் ஆணை வந்து, விளம்பரம் போட்டு, நேர்காணல் வைத்து, வந்தவர் சேர மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வில் தேறியவருக்குத்தான் ஜே.ஆர்.எஃப். விகிதம், இல்லாதவருக்கு வேறு பதவி, குறைந்த தொகை. இன்னொன்றும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படுவதில்லை: கல்லூரித் துறைக்குப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மைய அங்கீகாரம் இல்லாவிட்டால் அந்த மாணவர் அங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய முடியாது. பதிவு இல்லாத இடத்தில் நல்ல மாணவர் ஆறு மாதம் தாண்டி இருக்கமாட்டார். வேலைத்திட்டத்தில் முதல் ஆறு மாதத்தை ஆய்வாளர் செய்யும் வேலையாகக் காட்டாமல், முதன்மை ஆய்வாளர், அதாவது மானியம் வாங்கிய ஆசிரியர், தானே செய்யக்கூடிய தரவுச் சேகரிப்பு, அடிப்படைச் சோதனைகள் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தாமதம் திட்டத்தைச் சாய்க்காது.

கருவிக்கு வருவோம். முன்பு அரசு அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகையில் கருவி வாங்கின. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது, இப்போது 18 விழுக்காடு. 10 லட்ச ரூபாய் சர்வர் அன்று 10.5 லட்சம், இன்று 11.8 லட்சம். பழைய முன்மொழிவை எடுத்துத் தேதி மாற்றி அனுப்பியவர்களுக்கு இந்த 1.3 லட்சம் துண்டு விழுந்தது. விலைப்புள்ளி ஒன்றிரண்டு மாதத்தில் காலாவதியாகும். விண்ணப்பித்து முடிவு வர அதைவிட அதிக நாளாகும். டாலர் விலையும் அதற்குள் நகரும். பட்ஜெட்டில் விலையைக் கூட்டிக் காட்டுவதைவிட, தேவையை ஜி.பி.யூ. அட்டைகளின் எண்ணிக்கையால் சொல்லாமல் நினைவக அளவால் சொல்வது பாதுகாப்பு. அப்போது சந்தையில் அந்த நாளில் எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

இந்தச் சர்வர் மின்சாரம் குடிக்கும் என்பதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. தலா 300 வாட் அட்டை நான்கு என்றால் 1,200 வாட். செயலி, விசிறி, வட்டு சேர்த்து 2 கிலோவாட் வைத்துக்கொள்ளலாம். இதற்கு 3 கே.வி.ஏ. யூ.பி.எஸ். தேவை. செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குப் பயிற்சி ஓடும்போது நாள் முழுக்க ஓடும், மாதத்துக்கு 1,440 யூனிட். அந்த 2 கிலோவாட்டும் அறைக்குள் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் ஏ.சி. சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் என்பதால் கணக்குப்படி ஒன்றே போதும், ஆனால் ஒரே ஏ.சி. இரவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடினால் கோடையில் கைவிட்டுவிடும். இரண்டு வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் நிற்கும். ஏ.சி.க்கும் மின் கட்டணத்துக்கும் மானியம் பெரும்பாலும் இடம் தராது. கல்லூரி ஏற்கும் என்று நிர்வாகம் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தில் அறை, மின்சாரம், குளிர்சாதனம் மூன்றும் பெயரிட்டு இருக்க வேண்டும். “தேவையான வசதிகள் வழங்கப்படும்” என்ற பொது வாசகம் ஏப்ரல் மாதத்தில் யாருக்கும் குளிர்ச்சி தராது.

சர்வரே வேண்டுமா என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளலாம். 2015-இல் 4,500 கோடி மதிப்பில் தொடங்கிய தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி 2022-இல் திறக்கப்பட்டது. 2024 மார்ச்சில் 10,371.92 கோடிக்கு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏ.ஐ. இயக்கம் ஜி.பி.யூ. நேரத்தைச் சலுகை விலையில் தருகிறது. வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் கனமான பயிற்சி ஓடும் திட்டத்துக்கு நேரம் வாங்குவதே சரி. தினமும் மாணவர்கள் சிறு சிறு சோதனை செய்யும் துறைக்குச் சொந்தச் சர்வர் வேண்டும். இதில் எது தன் நிலை என்று முன்மொழிவில் மூன்று வரி எழுதியவருக்கு மதிப்பீட்டாளரின் நம்பிக்கை கூடுகிறது.

பணம் வந்தபின் கொள்முதல். 2017 பொது நிதி விதிகளில் விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பு 25,000, கொள்முதல் குழு வழியாக வாங்குவது 2.5 லட்சம் வரை என்று இருந்தது. பிறகு இவை உயர்த்தப்பட்டிருக்கின்றன, எனவே வாங்கும் நாளில் நடப்பு ஆணையைக் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். வரம்புக்குள் அடக்க ஒரே பொருளை மூன்று பில்லாகப் பிரிப்பதை விதி வெளிப்படையாகத் தடுக்கிறது. தணிக்கையாளர் பில் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். ஜெம் என்ற அரசு இணையக் கொள்முதல் தளத்தில் ஏலம் போடும்போது நிறுவனப் பெயரைக் குறிப்பிட்டால் ஆட்சேபம் வரும், வெறும் “ஜி.பி.யூ. சர்வர்” என்று போட்டால் விளையாட்டுக் கணினி வந்து இறங்கும். ஒவ்வோர் அட்டையிலும் குறைந்தபட்ச நினைவகம், பிழை திருத்தும் நினைவகம், இரட்டை மின்வழங்கி, ரேக் பொருத்தும் சட்டம், மூன்றாண்டு நேரில் வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம், நிறுவிச் சோதித்துக் காட்டுதல் ஆகியவற்றை “குறைந்தது” என்ற சொல்லோடு எழுத வேண்டும். பொருள் வந்த அன்றே வரிசை எண்ணோடு ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, அந்தப் பக்க எண்ணைப் பில்லின் பின்புறம் எழுதிவிட்டால் மூன்றாண்டு கழித்துத் தேட வேண்டியதில்லை.

மார்ச் 31. இப்போது பல திட்டங்களில் கையில் பணம் வருவதில்லை, கருவூலக் கணக்கில் செலவு வரம்புதான் வருகிறது. அன்றைக்குள் செலவாகாத வரம்பு போய்விடும். ஆகவே கருவிக்கான ஆணை நவம்பருக்குள் போக வேண்டும். ஏலம், தொழில்நுட்பக் குழு, இறக்குமதி, நிறுவல் எல்லாம் சேர்த்து நான்கு மாதம் பிடிக்கும்.

அடுத்த தவணைக்கு 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் போக வேண்டும். திரும்பி வருவதற்குக் காரணங்கள் எப்போதும் அதே நான்கைந்துதான். இந்த ஆண்டின் தொடக்க இருப்பு போன ஆண்டின் இறுதி இருப்போடு பைசா சுத்தமாகப் பொருந்தாது. விற்பனையாளருக்குக் கொடுத்த முன்பணத்தைச் செலவாகக் காட்டியிருப்பார்கள். பொருள் வந்து சரிக்கட்டும்வரை அது செலவாகாது. வங்கி தந்த வட்டி விட்டுப்போயிருக்கும். வட்டி மானியம் வாங்கியவருக்குச் சொந்தமில்லை, கணக்கு முடிந்ததும் பாரத்கோஷ் என்ற அரசு இணையதளம் வழியாக அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். தனியார் கல்லூரியில் ஆடிட்டர் கையெழுத்தோடு, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாக எடுக்கும் யு.டி.ஐ.என். எண் இல்லாமல் போயிருக்கும். 2019 பிப்ரவரி முதல் ஆடிட்டரின் எந்தச் சான்றிதழுக்கும் அந்த எண் கட்டாயம். இவற்றில் ஒன்றுகூட ஆய்வோடு தொடர்புடையதல்ல, ஆனாலும் ஆய்வாளரின் சம்பளம் நான்கு மாதம் நின்றுபோவது இவற்றால்தான். இரவல் வாங்கி அறை வாடகை கொடுக்கும் ஓர் இளைஞரின் வாழ்க்கை அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதை முதன்மை ஆய்வாளர் மறக்கக் கூடாது.

அறிவியல் கல்விக்கான நிதியும் இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது, தொகைகள் மட்டும் சிறியவை. மாணவர்கள் கையால் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்குப் பள்ளிக்கு 20 லட்சம்: நிறுவ 10 லட்சம், ஐந்தாண்டு நடத்த 10 லட்சம். பள்ளி மாணவரின் புதிய யோசனைகளுக்கான இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் நேரே அவருடைய வங்கிக் கணக்கில் விழும். கணக்கில் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் இனிஷியல் வேறு விதமாகவும் இருந்தால் பணம் திரும்பிவிடும். பரிந்துரைக்கும் முன்பே ஆசிரியர் பாஸ்புக்கையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட வேண்டும். யோசனைகளில் தண்ணீர்த் தொட்டி அலாரமும் பார்வையற்றோருக்கான கைத்தடியும் ஆயிரக்கணக்கில் வருவதால் அவை தேறுவது கடினம். மாணவரின் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு குறிப்பிட்ட தொல்லையிலிருந்து எழுந்த யோசனை, அரைகுறையாக இருந்தாலும், முன்னே நிற்கும்.

செர்ப் மானியங்களோடு அறிவியல்சார் சமூகப் பொறுப்பு என்ற கடமையும் ஒட்டியே வந்தது. பள்ளி மாணவருக்குப் பயிற்சி தருவது, கருவியைப் பிறருக்குத் திறந்துவிடுவது அதில் அடக்கம். கல்லூரிச் சர்வரும் பள்ளி ஆய்வகமும் சந்திக்கக்கூடிய இடம் இது. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், 20 மாணவர், தனித்தனி உலாவிக் கணக்கு, தமிழில் எழுதிய பயிற்சித் தாள். இதற்கு ஒரு ஜி.பி.யூ. அட்டையே போதும். அந்த நேரத்தில் பெரிய பயிற்சி ஓடாதபடி சர்வரின் வேலைகளை வரிசைப்படுத்தும் நிரலில் முன்பதிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளி ஆய்வகங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் கருவிப் பழுது காரணமாவது குறைவு. முப்பரிமாண அச்சுக்கான இழை மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உடைந்தால், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். பொறுப்பாசிரியர் இடமாறிப் போவதுதான் சரிசெய்ய முடியாமல் நிற்கிறது. திட்டத்தின் இணையதள உள்நுழைவு அவருடைய கைபேசி எண்ணில் இருக்கும், காசோலையில் அவருடைய கையெழுத்து இருக்கும், எந்தப் பெட்டியில் எது என்பது அவருடைய நினைவில் இருக்கும். விடுவிப்பு ஆணை கையில் வாங்கும் முன், பதிவுக் கைபேசி எண்ணைப் பள்ளியின் பொது எண்ணுக்கு மாற்றி, வங்கியில் புதிய கையெழுத்து கொடுத்து, ஸ்டாக் ரெஜிஸ்டரை அடுத்தவரோடு சேர்ந்து பெட்டி பெட்டியாகச் சரிபார்த்து இருவரும் ஒப்பமிட வேண்டும். அதற்கு ஒரு முழு வேலைநாளை ஒதுக்கித் தரத் தலைமையாசிரியர் முன்வர வேண்டும்.