பத்து நோட்டு குறைந்த கட்டு

அமெரிக்காவில் ஓர் ஆற்று மணலில் கிடைத்த மூன்று நோட்டுக் கட்டுகளில், மூன்றாவதில் 90 நோட்டுதான் இருந்தது. மற்ற இரண்டிலும் சரியாக நூறு நூறு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பணத்துக்காக விமானத்தைக் கடத்திப் பாராசூட்டில் குதித்த டி.பி. கூப்பர் யார், பிழைத்தானா என்று ஊர் உலகமெல்லாம் அரை நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொள்கிறது. 36 வருடம் வங்கியின் கேஷ் கவுன்ட்டரிலும், ரிசர்வ் வங்கிக்காக நோட்டுகளை வைத்திருக்கும் கரன்சி செஸ்ட்டிலும் உட்கார்ந்து எழுந்த எனக்கு ஒரே கேள்விதான்: அந்தப் பத்து எங்கே?

மகள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் இருக்கிறாள். கனடாவில் இருக்கிற பெரிய வான்கூவர் வேறு. இது கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர், பாலத்தைத் தாண்டினால் போர்ட்லண்ட். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெஞ்ச்மன்ஸ் பார் என்ற ஆற்றோரப் பூங்காவுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். காவிரியைப் பார்த்தவனுக்கே அந்த ஆறு மலைப்பாக இருந்தது. கடலில் போகிற சரக்குக் கப்பல் அதில் சாதாரணமாகப் போகிறது. கரையில் சாம்பல் நிற மணல். மருமகன்தான் ஆரம்பித்தார்: "மாமா, இங்கிருந்து ஆற்றோட கொஞ்சம் கீழே போனா டீனா பார்னு ஒரு மணல்கரை. டி.பி. கூப்பர் பணம் கிடைச்சது அங்கதான்."

அப்போது எனக்கு அந்தப் பெயரே தெரியாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 நவம்பர் 24, போர்ட்லண்டிலிருந்து சியாட்டில் போகும் நார்த்வெஸ்ட் ஓரியன்ட் விமானம். கோட்டு, டை கட்டிய ஒருவன், டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கி ஏறினான். டி.பி. என்பது பத்திரிகைக்காரர்கள் செய்த பிழை, அதுவே நிலைத்துவிட்டது. பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகச் சொல்லி இரண்டு லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும் கேட்டான். சியாட்டிலில் பணம் வந்தது, பயணிகளை இறக்கிவிட்டான். விமானம் மறுபடி கிளம்பித் தெற்கே பறக்கும்போது, இரவு எட்டு மணியைத் தாண்டி, பின்பக்கப் படிக்கட்டைத் திறந்து மழையில் குதித்துவிட்டான். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

கடத்தல் கதையைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது சியாட்டில் வங்கியின் கேஷ் அறை. கொடுத்தது எல்லாம் 20 டாலர் நோட்டு, மொத்தம் 10,000. அத்தனை நோட்டின் எண்ணும் மைக்ரோஃபிலிமில் படமாக இருந்தது. அந்த வேலையைச் செய்த கைகளை நினைத்துப் பார்த்தேன். நாளை நன்றி தெரிவிக்கும் நாள், ஊரே விடுமுறைக்குக் கிளம்பியிருக்கும், மாலை நேரத்தில் கேஷ் கேட்டு ஆள் வந்து நிற்கிறான். எங்களுக்கு தீபாவளிக்கு முந்தின நாள் ஏ.டி.எம். காலியானால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பணம் கிடைத்தது எட்டு வருடம் கழித்து. 1980 பிப்ரவரி 10. டீனா பார் கரைக்கு ஒரு குடும்பம் போயிருக்கிறது. அடுப்பு மூட்ட இடம் சரிசெய்வதற்காக 8 வயதுப் பையன் மணலைக் கையால் தள்ளியபோது மூன்று கட்டுகள் வெளியே வந்தன. ஓரமெல்லாம் கரைந்து, நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மொத்தம் 290 நோட்டு, 5,800 டாலர். எண்களை எஃப்.பி.ஐ. ஒப்பிட்டுப் பார்த்தது. அதே பணம். அதோடு, கூப்பர் கையில் கொடுத்தபோது எந்த வரிசையில் அடுக்கியிருந்ததோ அதே வரிசை.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலோர் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். கேஷியர் தாண்டமாட்டான்.

பழைய நோட்டுக் கட்டைப் பிரித்து எண்ணிய எவனும் அதை அப்படியே திருப்பி வைப்பதில்லை. தலைகீழாக இருப்பதைத் திருப்புவோம், கிழிசலை உருவுவோம், பத்துப் பத்தாகப் பிரித்துச் சரிபார்ப்போம், பக்கத்தில் இருப்பவனிடம் கொஞ்சம் கொடுத்து எண்ணச் சொல்லுவோம். வரிசை கலைந்துவிடும். வரிசை கலையவில்லை என்றால் அந்தக் கட்டு பிரிக்கப்படவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் பணம் வாங்கியவன், தரையில் இறங்கிய பிறகு அதை எண்ணாமலா இருப்பான்? கேஷ் வாங்கினவன் கவுன்ட்டரை விட்டு நகருமுன் எண்ணுவான். சீட்டுப் பணம் வாங்குகிற ஆச்சிகூட எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணுவாள். இந்த மூன்று கட்டையும் யாரும் எண்ணவில்லை.

"அந்த நோட்டுகள் புழக்கத்தில் எங்கேயும் தென்படவில்லை, ஆகவே அவன் செத்திருப்பான்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். மீதி 9,710 நோட்டில் ஒன்றுகூட அகப்படவில்லை என்பது உண்மைதான். எண் பட்டியலை வங்கிகளுக்கும் சூதாட்ட விடுதிகளுக்கும் அனுப்பினார்கள், பிறகு பொதுமக்களுக்கும் வெளியிட்டார்கள், முதல் நோட்டைக் கொண்டுவருபவருக்கு சியாட்டில் பத்திரிகை ஒன்று 5,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஆனாலும் எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பத்தாயிரம் எண் உள்ள பட்டியலை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் தேதிக் கூட்டத்தில், ஒவ்வொரு நோட்டாக எந்தக் கேஷியர் ஒப்பிடுவான்? கள்ள நோட்டு எச்சரிக்கை என்று வரிசை எண்ணோடு எங்களுக்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நோட்டீஸ் போர்டில் குத்திவைப்போம். மின்விசிறிக் காற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். தென்படவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்றும் அர்த்தம் உண்டு. பட்டியலைவிட அந்தக் கட்டின் வரிசையைத்தான் நான் நம்புவேன்.

சரி, யாரும் எண்ணாத பணம் ஆற்று மணலுக்குள் எப்படிப் போனது?

ஆளே புதைத்துவிட்டுப் போனான் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. பணத்தைப் புதைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது, ஒரு பாட்டி பித்தளைச் செம்போடு வந்தார். உள்ளே பாலிதீன் பை, அதற்குள் துணி, துணிக்குள் நோட்டு. அத்தனையையும் மீறிக் கரையான் புகுந்திருந்தது. இன்னொருவர் அரிசிப் பானையில் வைத்திருந்தார், அந்து அரித்திருந்தது. பணத்தை ஒளிப்பவர்கள் எதிலாவது சுற்றித்தான் ஒளிப்பார்கள். தண்ணீர் ஏறி இறங்குகிற கரையில், சுற்றாமல் மூடாமல், சில அங்குல ஆழத்தில், வெறும் ரப்பர் பேண்ட் போட்ட கட்டை யாரும் வைக்கமாட்டார்கள். நோட்டுகளின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்ததைப் பார்த்த ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் ஆட்களும் ஆறுதான் கொண்டுவந்து போட்டது என்றார்கள்.

ஆனால் ஆற்றுக் கணக்கு நேராக வரவில்லை. கூப்பர் குதித்ததாக முதலில் கணித்த இடம் ஏரியல் என்ற ஊருக்குப் பக்கம், லூயிஸ் ஆற்றுப் பகுதி. டீனா பார் அங்கிருந்து தென்மேற்கே 32 கிலோமீட்டர். லூயிஸ் ஆறு கொலம்பியாவில் கலப்பது டீனா பாருக்குக் கீழே. பணம் எதிர்நீச்சல் போடாது. அதனால் மேலே வந்து கலக்கிற வாஷூகல் ஆற்றைப் பிடித்தார்கள். விமானம் நினைத்த பாதையில் போகவில்லை, அவன் வேறு இடத்தில் விழுந்திருக்கலாம் என்று வரைபடத்தைத் திரும்ப விரித்தார்கள்.

அடுத்தது தூர்வாரிய கதை. 1974-இல் கப்பல் போகும் தடத்தைத் தூர்வாரி, அள்ளிய மணலை அந்தக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் லெனர்ட் பால்மர் குழி வெட்டிப் பார்த்து, கொட்டிய மணலுக்கு மேலேதான் பணம் இருந்தது, ஆகவே 1974-க்குப் பிறகே அங்கே வந்தது என்றார். அப்படியானால் நடுவில் மூன்று வருடம் எங்கே இருந்தது?

இங்கேதான் ரப்பர் பேண்ட் வருகிறது. கட்டு கிடைத்தபோது அதன் மேல் ரப்பர் பேண்ட் இருந்ததாகவும், தொட்டதும் உதிர்ந்ததாகவும் அந்தக் குடும்பத்தினர் சொன்னார்கள். பிற்காலத்தில் டாம் கேய் என்பவர் தலைமையில் ஒரு தனியார் ஆய்வுக் குழு, ரப்பர் பேண்ட் வெளியில் கிடந்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று சோதித்துச் சொன்னது. இதற்குச் சோதனையே வேண்டாம், எங்கள் செஸ்ட்டுக்கு வந்திருந்தால் காட்டியிருப்பேன். நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் பேண்ட் முதலில் இளகும், நோட்டில் கோந்து மாதிரி ஒட்டும், அப்புறம் காய்ந்து முறுகி ஒரு நாள் தானாக அறுந்து விழும். இங்கே நாங்கள் நூறு நோட்டுப் பாக்கெட்டுக்கு அப்போதெல்லாம் ஸ்டேப்ளர் பின்தான் அடிப்போம். 2001-இல் ரிசர்வ் வங்கி அதற்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு காகிதப் பட்டை வந்தது. பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி நகம் போன தலைமுறை நாங்கள்.

ரப்பர் பேண்ட் சொல்கிற கணக்குப்படி, வெளியில் கிடந்து ஒரு வருடத்துக்குள் பணம் மணலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். பால்மர் கணக்குப்படி மூன்று வருடமாவது தாமதம். இரண்டும் கைகுலுக்காது.

2020-இல் கேய் குழு இன்னொரு துப்பைக் கொண்டுவந்தது. நோட்டுகளில் டயட்டம் என்ற நுண்பாசிகளைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி ஓடு உள்ளவை, அழியாமல் கிடக்கும். அவற்றில் இருந்தவை வசந்த காலத்தில் ஆற்றில் பெருகுகிற வகை. அதாவது பணம் தண்ணீரைத் தொட்டது நவம்பரில் இல்லை, மாதங்கள் கழித்து, பனி உருகி ஆறு பெருகும் பருவத்தில். அவன் ஆற்றில் விழுந்து, அன்றைக்கே பணமும் மூழ்கியது என்ற எளிய கதை இதோடு அடிபட்டுப் போகிறது.

இதைப் படித்தபோது 2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. அப்போது நான் சென்னையில் இருந்தேன். அடையாறு உடைத்துக்கொண்டு வந்த பிறகு, ஒரு மாதத்துக்கு நனைந்த நோட்டுதான் எங்கள் வேலை. மின்விசிறிக்குக் கீழே போர்வை விரித்து உலர்த்தினோம். சேறு வாசனை துணியை விட்டுப் போகவில்லை. இறுக்கமான பாக்கெட்டுக்குள் நின்ற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஓரம் கறுத்திருக்கும், நடு நோட்டு வெறும் ஈரத்தோடு இருக்கும். ஆனால் ஓடுகிற தண்ணீரில் மாட்டிய கட்டு வேறு மாதிரி. நடுவில் பட்டை பிடித்திருக்க, இரண்டு முனையும் விசிறி போல விரிந்துவிடும், ஒவ்வொரு நோட்டுக்கும் நடுவில் வண்டல். உலர்ந்தால் செங்கல்.

ஆக என் கணக்கு இதுதான். அவன் அந்தப் பணத்தோடு நெடுநாள் வாழவில்லை, அல்லது குதித்தபோதே பையைத் தவறவிட்டான். கான்வாஸ் பையைப் பாராசூட் கயிற்றால்தான் உடம்போடு கட்டியிருந்தான். பை எங்கோ மேட்டில் குளிர்காலம் முழுக்கக் கிடந்திருக்கிறது. பிறகு ஒரு வசந்த வெள்ளம் அதை இழுத்திருக்கிறது. மூன்று கட்டும் ஒரே இடத்தில் கிடைத்ததால் டீனா பார் வரை பையாகவேதான் வந்திருக்க வேண்டும்; தனித்தனியாக வந்த கட்டுகள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுக்காது. பால்மருடைய மண் அடுக்கு இதில் இடிக்கிறது, தெரியும். கணக்கை முடிக்க எங்காவது ஒன்றை சஸ்பென்ஸில், அதாவது விடை தெரியாத தொகைகளை ஒதுக்கிவைக்கும் கணக்கில், போடத்தான் வேண்டும். எஃப்.பி.ஐ.யே 2016-இல் விசாரணையை நிறுத்திவிட்டது.

பத்து நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் கிளையிலிருந்து செஸ்ட்டுக்குப் போன நூறு ரூபாய்ப் பாக்கெட் ஒன்றில் 90 இருந்தது. ஸ்லிப்பில் என் கையெழுத்து. ஆயிரம் ரூபாய் என் தலையில். ஹெட் கேஷியர் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "எண்ணுனியா, எண்ணுனதா நெனச்சியாடே?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை அந்தப் பத்தும் எங்கே போனது என்று தெரியாது. அதனால் டீனா பாரில் குறைந்த பத்துக்கு ஆற்றைக் குற்றம் சொல்லத் தயங்குகிறேன். அவசரத்தில் கட்டிய கட்டு. வங்கியிலேயே குறைந்திருந்தால்? மைக்ரோஃபிலிமில் அந்தக் கட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. யாராவது பார்த்திருப்பார்கள்.

கிளம்புமுன் மகள் வீட்டுத் தோட்டத்தில், பூந்தொட்டி ஒன்றில் ஈர மணல் போட்டு, ஒரு டாலர் நோட்டு இருபதை ரப்பர் பேண்ட் போட்டுப் புதைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். எட்டாவது மாதம் மகள் வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். ரப்பர் பேண்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. கூப்பிட்டு நோட்டை எண்ணச் சொன்னேன்.

"பத்தொன்பதுதான்பா இருக்கு."

இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். இரண்டு ஒட்டிக்கொண்டிருந்ததாம், இருபது சரியாக இருக்கிறது என்றாள். மூன்றாவது தடவை எண்ணச் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டாள்.