மாங்கூழ் கணக்கிலிருந்து சாக் வேலைக்கு

நான் படித்தது பி.காம். கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் டிஸ்பாட்ச் கணக்கு பார்த்தேன். இப்போது ஓசூரில் தங்கி, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் சாக் அனலிஸ்ட், எல்-1. சாக் (SOC) என்றால் கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் யாராவது ஊடுருவுகிறார்களா என்று கண்காணிக்கும் மையம்; எல்-1 அதில் முதல் நிலை. ஊர்த் தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம எப்படிண்ணா உள்ள போனீங்க?"

செக்யூரிட்டி என்றால் ஹேக்கிங் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். புதியவர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் சாக்கில். சர்வர், லேப்டாப், ஃபயர்வால் அனுப்பும் லாக், அதாவது நடந்தவற்றின் பதிவு, எல்லாம் சீம் (SIEM) என்ற மென்பொருளில் குவியும். அதில் கிளம்பும் அலர்ட் நிஜமா, வீண் அலாரமா என்று பார்த்து, நிஜமென்றால் மேலே அனுப்ப வேண்டும். ஃபேக்டரி கேட் ரிஜிஸ்டரில் எந்த லாரி, எத்தனை மணிக்கு, எவ்வளவு எடை என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியவில்லை.

ஒரு பயிற்சி நிலையத்தில் 'வேலை உத்தரவாதம்' என்று லட்சத்தைத் தொடும் ஃபீஸ் சொன்னார்கள். எந்தக் கம்பெனியில் என்று கேட்டேன், பேச்சு மாறியது. எழுந்து வந்துவிட்டேன். நெட்வொர்க் அடிப்படையை யூடியூபிலும், மீதியை ட்ரைஹேக்மீயின் இலவசப் பாடங்களிலும் படித்தேன்.

எனக்கு வேலை வாங்கித் தந்தது என்னவோ வீட்டிலேயே அமைத்த சோதனைக்கூடம்தான். பழைய லேப்டாப்பில் ராம் மெமரியைக் கூட்டி, ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ், தாக்குதல் சோதனைக்கான ஒரு 'காலி' (Kali) லினக்ஸ், கூடவே வாஸு (Wazuh). இந்த வாஸு இலவச சீம். காலி லினக்ஸிலிருந்து என் விண்டோஸுக்கே ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் தப்பான பாஸ்வேர்டுகளை வரிசையாக அடித்தால், 4625 என்ற எண்ணில் தோல்விகள் கொட்டும். அதே ஐபியிலிருந்து பின்னாலேயே ஒரு 4624, அதாவது வெற்றியான லாகின், வந்தால் ஆள் உள்ளே போய்விட்டான். ரிமோட் டெஸ்க்டாப் என்றால் லாகான் டைப் (எந்த வழியில் நுழைந்தார்கள் என்பதைக் காட்டும் எண்) 10 என்று எல்லா நோட்ஸிலும் இருக்கும். என் லாகிலோ 3 வந்தது. தேடினால், என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வசதி) இயங்கும்போது தோல்விகள் 3 என்றே பதிவாகுமாம். நேரமும் குழப்பியது, லாக் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் என்ன பார்த்தேன், ஏன் சந்தேகப்பட்டேன், என்ன முடிவு என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி கிட்ஹப்பில் போட்டேன்.

ஊர்க் கடை வெப்சைட்டையோ கல்லூரி போர்ட்டலையோ 'சும்மா டெஸ்ட்' செய்ய வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைந்தால் 2000ஆம் ஆண்டு ஐடி சட்டத்தின் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு சிறை வரை போகலாம். அந்த ஆசைக்கு போர்ட்ஸ்விகரின் இலவசப் பயிற்சித் தளம் இருக்கிறது.

ஐஎஸ்சி2 என்ற அமைப்பின் சிசி (Certified in Cybersecurity) என்ற ஆரம்பநிலைத் தேர்வும் எழுதினேன். அப்போது தேர்வுக்குக் கட்டணம் இல்லை; பாஸானபின் ஆண்டுக் கட்டணம் உண்டு. ஹெச்ஆர் வடிகட்டலைத் தாண்ட உதவியது, அவ்வளவுதான்.

பல விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. 'ஃப்ரெஷர்' என்று போட்டு 2 வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். கூப்பிட்ட இடத்தில் என் டைப் 3 குறிப்பைத் திறந்து வைத்து அதிலிருந்தே கேள்வி கேட்டார்கள். ஒரே ஐபி, நூறு பெயர், பெயருக்கு ஒரு முயற்சி, இது என்ன? பாஸ்வேர்ட் ஸ்ப்ரேயிங். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு? சம்பவத்தை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக் 180 நாள் இருக்க வேண்டும். என் ஆங்கிலம் தடுமாறியது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சம்பளம் ஃபேக்டரியைவிடக் கொஞ்சம் கூடுதல். அதில் பாதி ஓசூர் வாடகைக்குப் போகிறது. நைட் ஷிஃப்ட் சுழற்சியில் வரும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்னிடம் ரெஸ்யூம் அனுப்புகிற தம்பி தங்கைகள் சர்டிபிகேட் பட்டியலோடு, நீங்களே எழுதிய ஒரு லாக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் அதைத்தான் திறப்பேன்.