சுவர் தாண்டி வந்த முருங்கை

13 அக்டோபர் 2024, ஞாயிறு, மதுரை திருநகர்

கொடியில் காய்ந்த பாவாடையை எடுத்து உடுத்திய சின்னவளுக்கு இடுப்பைச் சுற்றித் தடித்துவிட்டது. கம்பளிப்பூச்சிதான். சொறியவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். பூச்சியின் முடி அதோடு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவினேன். இரவு வரை அழுதாள்.

பக்கத்து வீட்டு அத்தையின் முருங்கைக் கிளைகள் எங்கள் துணிக்கொடிக்கு மேல் நாலடி வந்து நிற்கின்றன.

14 அக்டோபர்

வக்கீலாக இருக்கும் கொழுந்தனாரிடம் கேட்டேன். "நம்ம பக்கம் வந்த கிளையை நம்ம இடத்துல நின்னே வெட்டலாம் மதினி. காய் மட்டும் அவங்களுக்குத்தான். மரம் விழுந்து ஆளை அடிக்கிற நிலையில இருந்தா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். முன்னால குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133ஆவது பிரிவு, இப்ப புதுச் சட்டத்துல 152" என்றார்.

அரிவாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள், மேலிருந்து பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தை மட்டும் வெட்டினால் மரத்தின் பாரம் முழுவதும் அத்தையின் அடுப்படி ஓட்டின் மேல் சாய்ந்துவிடும். முருங்கை லேசில் முறிகிற மரம். வெட்டுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அதற்கு அத்தை சம்மதிக்க வேண்டும்.

17 அக்டோபர்

"ஐப்பசி மழையில வெட்டுனா தண்ணி இறங்கி அழுகிப்போகும் தாயி. உங்க மாமா ஊர்ல இருந்து கொண்டாந்து ஊன்டுன போத்துக் கம்பு அது" என்றார் அத்தை. அவர் பயம் நியாயமானது. என் இரண்டு பிரசவத்துக்கும் அந்த மரத்துக் கீரைதான் வந்தது. எப்படி வற்புறுத்துவேன்?

பூச்சியையாவது பார்ப்போம் என்று இருவரும் மரத்தடிக்குப் போனோம். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, பகலில் தூரில் அப்பிக் கிடக்கிறது, கம்பளி போர்த்தியதுபோல. அத்தை கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தினார். பட்டை கருகாமல் காட்டியெடுக்க அவருக்குத்தான் கை வருகிறது. எட்டாத இடத்துக்கு மீன் எண்ணெய் சோப்பை, லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, நான் அடித்தேன்.

25 அக்டோபர்

பிற்பகலில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் என்கிறார்கள். இங்கே ஒரு கிளை முறிந்து அத்தையின் ஓட்டில் விழுந்தது. நல்லவேளை, அவர் முன்கட்டில் இருந்தார். மழை விட்டதும் சுவரோரம் வந்து, "ஆளைக் கூப்பிடுத்தா" என்றார். குரல் நடுங்கியது.

27 அக்டோபர்

காலையிலேயே ஆள் வந்தார். கூலியை நானும் அத்தையும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். செடிமுருங்கையை மூன்றடியில் வெட்டுவார்கள். இது மரமுருங்கை என்பதால் ஆளுயரத்தில் நிறுத்தச் சொன்னோம். முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தார். இல்லாவிட்டால் பட்டை தூர் வரை கிழிந்துவிடுமாம். தண்ணீர் தங்காமல் சாய்வான வெட்டு. வெட்டுவாயில் அத்தை தன் கையாலேயே சாணி அப்பினார். தழையை ஆட்டுக்காரர் அள்ளிப் போனார்.

10 நவம்பர்

வெட்டிய இடத்தைச் சுற்றிக் குருத்து விட்டிருக்கிறது, மொத்தம் ஒன்பது. எங்கள் பக்கம் பார்த்து வந்த இரண்டை அத்தை கிள்ளியெடுத்து, வீணாக்காமல் ரசத்தில் போட்டிருக்கிறார். ஒரு கிண்ணம் சுவர் மேல் வந்தது.