எங்கள் மிளகு மாத்திரை விழுங்கிய கதை

மருந்துச்சீட்டில் ‘1/6 – 0 – 1/6’ என்று எழுதியிருந்தது. டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக்கின் 100 மில்லிகிராம் மாத்திரையை ஆறு துண்டாக்கி, காலையில் ஒரு துண்டு, இரவில் ஒரு துண்டு. எங்கள் பூனை மிளகின் எடை மூன்றரைக் கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 35 மில்லிகிராம், அதை இரு வேளையாகப் பிரித்தால் இந்தக் கணக்குதான் வரும். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவே உள்ள மாத்திரையை எப்படி ஆறாக வெட்டுவது, வெட்டியதை ஒரு பூனையின் தொண்டைக்குள் எப்படி இறக்குவது என்பதைத்தான் அந்தக் கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை.

தும்மல், மூக்கடைப்பு, கண்ணில் பீளை. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார், சுவாசத் தொற்று என்றார், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் வாய்வழியாக இந்த மாத்திரையும் எழுதினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சீட்டை வாங்கிப் பணம் வசூலிக்கிற மேசையில் இருந்தவரிடம், “இதை எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டேன். “வாயைத் திறந்து உள்ளே போட்டுவிடுங்கள் அம்மா. நாய்க்குப் போடுவது போலத்தான்” என்றார், தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. எனக்குப் பின்னால் ஒரு லாப்ரடாரும் இரண்டு நாட்டு நாய்களும் காத்திருந்தன. அவருக்கு அவசரம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை அவர் ஒதுக்கியிருந்தால் எங்கள் வீட்டில் இரத்தம் சிந்தியிருக்காது.

மருந்துக்கடையில் அடுத்த சிக்கல். கடைத் தம்பி கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தான். டாக்சிசைக்ளினோடு நல்ல பாக்டீரியாவும் சேர்ந்த, மனிதர்கள் சாப்பிடுகிற வகை. “இதில் ஆறில் ஒரு பங்கை எப்படி எடுப்பது?” என்றால், “பிரித்துக் கொட்டிக்கொள்ளுங்கள் அக்கா” என்கிறான். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகச் செய்த மருந்தைப் பிரிக்கக் கூடாது. மாத்திரையாகவே வேண்டும் என்று கேட்டதற்கு, நாளைக்கு வரும் என்றான். மறுநாள் போனால் கடை பூட்டிக் கிடந்தது. வேறு கடையில்தான் கடைசியில் கிடைத்தது. பூனைக்கு வாங்கப் போகிறவர்கள் சீட்டில் ‘மாத்திரை’ என்று டாக்டரின் கையாலேயே தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மிளகைப் பற்றி. மூன்று நிறம் கலந்த பெண் பூனை. சாளை மீன் என்றால் உயிரையே விடும். தூத்துக்குடியில் சாளைக்குப் பஞ்சமில்லை. எனவே அவித்த சாளையின் வயிற்றுப் பகுதிக்குள் மாத்திரைத் துண்டை அழுத்திவைத்தேன். மூக்கடைத்திருந்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. அதற்காக மீனைச் சற்றுச் சூடாக்கியும் வைத்தேன். மிளகு வந்தது, முகர்ந்தது, சாப்பிட்டது. தட்டில் முள்கூட மிஞ்சவில்லை. மாத்திரைத் துண்டு மட்டும் தட்டின் விளிம்பில், நக்கிச் சுத்தம் செய்யப்பட்டு, முழுதாக இருந்தது.

அத்தை பாலில் கரைக்கச் சொன்னார். டாக்சிசைக்ளினைப் பாலோடும் தயிரோடும் கொடுக்கவே கூடாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் முழுதாகச் சேரவிடாது. இதைச் சொன்னதும் அத்தை மறுக்கவில்லை, ஆனால் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து மிளகின் மேலுதட்டில் தடவிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துப் பழகிய கை அது, அன்பினால் செய்ததுதான். ஆனால் பூனைகளுக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணர்த்தும் மரபணு அவற்றில் செயலற்றுக் கிடக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். ஆகவே மிளகின் நாக்குக்குத் தேன் வெறும் பிசின், கிடைத்தது முழுக்கக் கசப்பு.

வாயிலிருந்து நுரை நுரையாகக் கொட்டத் தொடங்கியது. மார்பு நனைந்தது, தரை நனைந்தது. மிளகு தலையை உதறிய உதறலில் சுவரிலிருந்த காலண்டர்வரை தெறித்தது. அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் கம்போடு சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து வந்து, “பாம்பு எந்தப் பக்கம் போனது?” என்று கேட்டார். பூனைக்கு மருந்து கொடுக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: கசப்பு நாக்கில் பட்டால் பூனைக்கு இப்படித்தான் நுரை தள்ளும். அது விஷமல்ல, கசப்பைக் கழுவ ஊறும் எச்சில். சற்று நேரத்தில் தானாக நின்றுவிடும். பேதிக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் இதைவிடக் கசப்பு. பொடிக்கவே பொடிக்காதீர்கள்.

அன்று வந்த யோசனைகளில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர், “ஒரு நாள் பட்டினி போடு, பிறகு எதைக் கொடுத்தாலும் தின்னும்” என்றார். செய்யக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். சதைப்பிடிப்பான பூனைக்கு இன்னும் ஆபத்து. மற்றொருவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பு நடுங்கியது: “காய்ச்சல்தானே, பாதி பாராசிட்டமால் கொடு.” பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. நம் ஈரல் அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மருந்து உடம்பிலேயே தங்கி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகலாம்.

பிறகு துண்டு போர்த்தும் முறை. பெரிய குளியல் துண்டை விரித்து, நடுவில் பூனையை வைத்து, இரு பக்கமும் இறுக்கிச் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுவது. முதல் முறை நன்றாகவே நடந்தது. மாத்திரை உள்ளே போனது, வாயை மூடினோம், தொண்டையைத் தடவினோம், விட்டோம். நானும் கணவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பீரோவுக்குப் பக்கத்தில் ஏதோ விழும் சத்தம். மாத்திரை. அத்தனை நேரம் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்திருந்தது.

அதற்குப் பிறகு மிளகுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தம் கேட்டால் பரண் மேல். நீலத் துண்டைக் கண்டால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால். பெட்டியை நகர்த்தி எடுக்கப் போன கணவரின் கட்டைவிரலடியில் நன்றாகக் கடித்துவிட்டது.

கடியை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பூனையின் பல் ஊசி போல மெல்லியது. வெளியே சின்னத் துளைதான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும். அத்தை மஞ்சள்தூளோடு வந்தார். நான் விடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுதாகப் 15 நிமிடம் கழுவவைத்தேன். கடிபட்ட இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்குப் போனோம். சீட்டுப் போடும் இடத்தில், “வீட்டுப் பூனைக்கெல்லாமா வருவீர்கள்?” என்று கேட்டார்கள். ஆம், வரத்தான் வேண்டும். ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் உள்ளே இருக்கும் டாக்டர், சீட்டுப் போடுபவர் அல்லர். டாக்டர் காயத்தைப் பார்த்த உடனே வெறிநோய்த் தடுப்பூசி எழுதினார், சீழ் பிடிக்காமலிருக்க மாத்திரையும் கொடுத்தார். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும். இலவசம்தான். முதல் நாள் கொடுத்த அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு மிளகைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கே திரும்பிப் போனேன். மேசைக்காரர் அதே பதிலைச் சொல்லத் தொடங்கினார். “எனக்குப் போட்டுக் காட்டுங்கள், பார்க்காமல் நான் போகமாட்டேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, “நான் காட்டுகிறேன், உள்ளே வாருங்கள் தாயி” என்றார். அங்கே பல வருடங்களாக வேலை பார்க்கிறவர். எனக்கு அன்று கிடைத்த ஆசிரியர் அவர்தான்.

அவர் பூனையை மேசையில் வைக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, மிளகைத் தன் இரு முழங்கால்களுக்கு நடுவில், முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தார். பூனை பின்னால்தான் ஓடப் பார்க்கும், பின்னால் ஆள் இருந்தால் ஓட இடமில்லை. இடக்கையை மேலிருந்து தலைமேல் கவிழ்த்து, கட்டைவிரலும் நடுவிரலும் கோரைப்பல்லுக்குப் பின்னால் உதட்டோரத்தில் படும்படி பிடித்தார். மூக்கு கூரையைப் பார்க்கும் அளவுக்குத் தலையை மெல்ல நிமிர்த்தினார். கீழ்த்தாடை தானாகச் சற்றுத் தளர்ந்தது. வலக்கை நடுவிரலால் முன்பற்களை லேசாகக் கீழே அழுத்தி, நெய் தடவிய மாத்திரைத் துண்டை நாக்கின் மேல், தொண்டையை ஒட்டிய பின்பகுதியில், நட்டநடுவில் போட்டார். நாக்கின் நுனியில் போட்டால் துப்பிவிடும், ஓரத்தில் போட்டால் கன்னத்தில் ஒதுக்கிவிடும். வாயை மூடி, தலையைத் தாழ்த்தி, மூக்கில் மெல்ல ஊதினார். மிளகு நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. “விழுங்கிவிட்டது” என்றார். எல்லாம் ஒரு கொட்டாவி விடும் நேரம்.

நான் எழப் போனேன். “இருங்கள், இன்னும் முடியவில்லை” என்று ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் எடுத்தார். கோரைப்பல்லுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில், கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து, தலையை நிமிர்த்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஒவ்வொரு முறையும் அது விழுங்கும்வரை காத்திருந்தார். தலையை நிமிர்த்தி வேகமாகப் பீச்சினால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இந்தத் தண்ணீர் எதற்கு என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெறுமனே விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே இருந்துவிடுமாம். டாக்சிசைக்ளின் அப்படி ஒட்டினால் அந்த இடம் வெந்து புண்ணாகும். புண் ஆறும்போது குழாய் சுருங்கிப்போகும், அதன் பிறகு பூனையால் சாப்பாட்டை விழுங்க முடியாது. தண்ணீரோ ஒரு வாய் உணவோ உடனே கொடுத்துவிட்டால் மாத்திரை வயிற்றுக்குப் போய்விடும். கால்நடை மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. மருந்துச்சீட்டில் ஒரு வரி எழுத இடமா இல்லை? “நாய்க்குப் போடுவது போலத்தான்” என்று அனுப்பிவைக்கிற மேசையில் இதைச் சொல்ல ஆள் இல்லை என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதை டாக்டரிடம் நேராகவே சொன்னேன். அவர் மறுக்காமல் கேட்டார், மேசைக்காரரையும் உள்ளே அழைத்துக் கேட்கவைத்தார்.

அந்த வேகத்திலேயே இன்னொன்றும் கேட்டேன்: ஆறில் ஒரு பங்கை இரு வேளை கொடுப்பதற்குப் பதில், மூன்றில் ஒரு பங்கை ஒரே வேளையாகக் கொடுக்கலாமா? “தாராளமாக” என்றார், சீட்டையும் திருத்தித் தந்தார். பாதிச் சண்டை அங்கேயே குறைந்தது! மருந்தைப் பொறுத்து இது மாறும், நீங்களாகச் செய்துவிடாதீர்கள். ஆனால் கேளுங்கள். மாத்திரையே வேண்டாம் என்னும் பூனைகளுக்கு ஊசியாகவே போடும் ஆண்டிபயாடிக்கும் உண்டு. அது தன் பூனையின் நோய்க்குப் பொருந்துமா என்பதையும் கேட்கலாம்.

வீட்டில் நாங்கள் செய்த மற்ற மாற்றங்கள் சின்னவை. மாத்திரைகளை மொட்டை மாடியில் வைத்துப் புது பிளேடால் வெட்டி, பஞ்சு வைத்த சிறு டப்பாவில் போட்டுவைத்தோம். அட்டைச் சத்தம் மிளகின் காதில் விழவே இல்லை. நீலத் துண்டு கொடிக்கே போய்விட்டது. நெய், சிரிஞ்சு, டப்பா எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகுதான் மிளகைக் கூப்பிடுவோம். கணவர் கையில் கட்டோடு தள்ளி நிற்க, நான் ஒருத்தியே போட்டுவிடுவேன். தண்ணீர் இறங்கியதும் ஒரு துண்டு சாளை. அதைக் கொடுக்கும் பொறுப்பை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தும்மல் நின்ற பிறகும், டாக்டர் குறித்த கடைசி நாள்வரை நிறுத்தாமல் கொடுத்தோம். கண் சொட்டு மருந்துக்கு மிளகு ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

கடைசியாகக் காட்டப் போனபோது, நெஞ்சில் சளி இல்லை, எடையும் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்றதும், வாயில் போடாத மருந்தாக இருக்கிறதா என்று நான் முந்திக்கொண்டேன். இருக்கிறது. செலாமெக்டின் என்ற சொட்டு மருந்து, உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் தெள்ளுப்பூச்சித் தொல்லைக்கும் ஆகும், நாடாப்புழுவுக்கு மட்டும் ஆகாது. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். வாங்கும்போது கவனம்: நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். கடைக்காரர் நாய் மருந்தை எடுத்து, “பாதி விட்டால் போதும்” என்று நீட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, பூனைக்கென்று அச்சிட்ட பெட்டியைக் கேட்டு வாங்கிவந்தேன். மிளகு தூங்கிக்கொண்டிருந்தபோதே பிடரியில் விட்டாயிற்று.