ஆய்வுப் பணம் எங்கே தங்குகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு பற்றிய ஓர் ஆய்வுக்காக எங்கள் ஒழுங்கைக்கு ஓர் இளம் பெண் ஸ்கூட்டரில் வந்தார். எடை பார்க்கும் தராசும் குருதிக் குழாய்கள் வைக்கும் ஐஸ் பெட்டியும் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. வெறும் வயிற்றுடன் இருக்கவேண்டும் என்பதை மறந்து அம்மா விடியவே தேநீர் குடித்துவிட்டதால், அந்தப் பெண் மறுநாளும் வர நேர்ந்தது. கூடுதலாக ஒரு நாள் பெற்றோல், ஒரு நாள் சம்பளம், சந்திக் கடையில் ஒரு வடை. சுகாதார ஆய்வு நிதி ஊருக்குள் இறங்கும் விதம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இதை மாநிலம் மாநிலமாகக் கணக்கிடுகிறார்கள். அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவகம் 2024 நிதியாண்டில் ஆய்வாளர்களுக்கு வழங்கிய 36.94 பில்லியன் டொலர் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளைத் தாங்கியதாகவும், ஒவ்வொரு டொலரும் 2.56 டொலர் அளவுக்குப் பொருளாதார நடவடிக்கையை உண்டாக்கியதாகவும், இந்நிதிக்காகக் குரல்கொடுக்கும் கூட்டமைப்பொன்றின் அறிக்கை கூறுகிறது. பணம் கேட்பவர்களே போட்ட கணக்கு என்பதால் கவனமாகவே வாசிக்கவேண்டும். ஆனால் அடிப்படை பிழையன்று: சம்பளம் வாங்குபவர் வாடகை கொடுக்கிறார், வாடகை வாங்குபவர் கூரைக்கு ஓடு மாற்றுகிறார். செலவழித்த பணத்தில் எவ்வளவு அந்த மாநிலத்துக்குள்ளேயே மறுபடி கைமாறுகிறது என்பதைப் பொறுத்தே தொகை பெருகும்.

யாழ்ப்பாணத்தில் இடறுவது அங்கேதான். 1978 முதல் இங்கே மருத்துவ பீடம் இயங்குகிறது. ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கருவிகளும் இரசாயனங்களும் வெளிநாட்டிலிருந்து கொழும்பு வழியாக வருவதால் அவற்றுக்கான பணம் ஆனையிறவைத் தாண்டிப் போய்விடுகிறது. ஊரில் தங்குவது பெரும்பாலும் சம்பளம்தான். பெற்றோல்கூடக் கப்பலில் வந்ததே. நாடு முழுவதற்குமே ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் ஆகும் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டியே நிற்கிறது.

இந்தப் பெருக்கற் கணக்கில் ஏறாத பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன். பாம்புக்கடிக்கு இங்கே ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு இந்தியாவில் தயாராவது; நம் பாம்புகளின் நஞ்சுக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை, ஒவ்வாமையும் அடிக்கடி ஏற்படுகிறது. வெங்காயம் கிண்டும் வாரத்தில் கடிவாங்கிய தோட்டக்காரர் கட்டிலில் கிடந்தால், ஆள்கூலி கடனாகிறது, விளைச்சல் மண்ணிலேயே அழுகுகிறது. பொருத்தமான மருந்தைத் தரும் ஓர் ஆய்வு அந்தக் குடும்பத்துக்கு மிச்சப்படுத்துவதை எந்த அறிக்கையும் வேலை எண்ணிக்கையாகக் காட்டாது.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் ஆய்வோடு முடிந்தது. இப்போது அவர் லீசிங் நிறுவனமொன்றுக்குத் தவணைப் பணம் வசூலிக்கிறார். அதே ஸ்கூட்டர்தான், ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் பற்றுச்சீட்டுப் பை.