நடை, எடை, அதற்கு முன் கழுத்து

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ளவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு எடை கூடும். பை தூக்குவது, பஸ் ஏறுவது, மைதானத்தில் விளையாடுவது எல்லாம் ஒரே மாதத்தில் நின்றுபோகும். சாப்பாடு மட்டும் குறையாது. வீட்டில் “சோம்பேறி ஆயிட்டான்” என்பார்கள். தசை இறுக்கம் குறைவு, மூட்டுத் தளர்வு, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று இத்தனை இருக்கக்கூடிய உடம்பை அப்படிச் சொல்வது அநியாயம்.

அதனால் எடை குறைக்க நடக்கக் கிளம்பும் முன் டாக்டர். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை வருஷம் ஒருமுறை. குறட்டை, பகலில் தூங்கி வழிவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இதயக் கோளாறோடு பிறப்பவர்கள். சின்ன வயதில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி.

கழுத்துதான் பலர் கவனிக்காதது. சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் பிடிமானம் தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், சிரசாசனம், தாமிரபரணியில் தலைகீழாகப் பாய்வது மூன்றும் வேண்டாம். கழுத்து வலி, நடையில் புதுத் தள்ளாட்டம், கையிலிருந்து டம்ளர் நழுவுவது, திடீரென்று சிறுநீர் அடக்க முடியாமை: இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நடையில் நாடித்துடிப்புக் கணக்கை நம்பாதீர்கள். இதயம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்று பார்க்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு 30 வயதுக்காரருக்கு 190 என்று சொல்லும். இவர்களுடைய இதயம் பொதுவாக அவ்வளவு வேகத்துக்கு ஏறாது. வாட்ச்சைப் பார்த்து விரட்டினால் ஆள் களைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். பேச முடிகிறதா என்று பார்ப்பது வழக்கமான அளவுகோல். பேச்சு தெளிவில்லாதவருக்கு அதுவும் உதவாது. மூச்சையும் முகத்தையும் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் காலையில் 10 நிமிஷம், மாலையில் 10 நிமிஷம். பிறகு வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டி, நாளுக்கு 30 நிமிஷம், வாரத்தில் 5 நாள். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இதுதான். நம்ம ஊர் வெயிலுக்கு காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் மாதிரி சமதளம் நல்லது. நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தில் நிழல் உண்டு, ஆனால் வெறுங்காலோடு கல்தரை. தட்டைப் பாதக்காரருக்கு நீண்ட நேரம் ஆகாது. குதிகாலை இறுக்கிப் பிடிக்கும், ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்குங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை, சுவரைத் தள்ளுவது 8 முறை, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது 8 முறை. சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது.

ஒரே வழி, ஒரே நேரம் என்றால் இவர்களுக்குப் பிடிக்கும். கெடுவதும் அங்கேதான்: கூட்டிப்போகிற அண்ணன் வெளியூர் போனால் நடையும் நின்றுவிடும். வழி தெரிந்த இன்னொருவரை ஆரம்பத்திலிருந்தே பழக்குங்கள். நன்றாக நடந்ததற்குப் பரிசாக அல்வா மட்டும் வேண்டாம். அரை மணி நடையில் எரிவது சுமார் 100 கலோரி. ஒரு டீக்கு 2 ஸ்பூன் சீனி என்று நாலு டீ குடித்தாலே 160 கலோரி உள்ளே போய்விடும். சீனியை மெல்லக் குறைப்பது அந்த நடைக்குச் சமம்.

உயரம் குறைந்தவர்கள் என்பதால் தராசைவிட நாடா நல்லது. மாதம் ஒருமுறை, வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும், 150 செ.மீ. உயரக்காரருக்கு 75.

40 வயதைத் தாண்டியவர், தினமும் நடந்தவர், திடீரென்று வர மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்கால், கண்புரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். மறதியும் சேர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; அல்சைமர் இவர்களுக்குச் சீக்கிரமே வரக்கூடியது.