ஈரக்காற்றில் மொறுமொறு கிரனோலா

கடை கிரனோலா (ஓட்ஸும் கொட்டைகளும் இனிப்புப் பாகில் கலந்து மொறுமொறுவென்று சுட்ட காலை உணவு) எனக்குத் தித்திப்பு அதிகம். அதனால் வீட்டிலேயே.

3 கப் ரோல்டு ஓட்ஸ் (இன்ஸ்டன்ட் வேண்டவே வேண்டாம், குழைந்துவிடும்), சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய முந்திரியும் பாதாமும் சேர்த்து 1 கப், கால் கப் எண்ணெய், கால் கப் உருக்கிய குலா மலாக்கா (தென்னை வெல்லம்), ஏலக்காய், சிட்டிகை உப்பு. மேப்பிள் சிரப் விலைக்குக் குலா மலாக்கா எவ்வளவோ மேல். வாசனையும் அபாரம்!

கட்டிகட்டியாக வர ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலக்கணும். அந்தப் புரதம் வெந்து இறுகி ஓட்ஸைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் அழுத்திப் பரப்பி அவனில் (oven) 150 டிகிரி செல்சியஸில் 35-40 நிமிடம். நடுவில் தட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைக்கலாம், கிளறக் கூடாது. வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், பயப்படாதீங்க. ஆறினால்தான் பாகு இறுகும்.

ஆறவைப்பதில்தான் நம்ம ஊரில் சிக்கல். சன்னலோரம் வைத்தால், அதுவும் டிசம்பர் மழையில், சீக்கிரம் நமத்துப்போகும். ஏர்கான் அறையில் ஆறவைத்து, ஆறின கையோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடிடணும். உலர்திராட்சை கடைசியில்தான், முன்னாடியே போட்டால் கருகிடும். அப்படியும் நமத்தால் அவனில் மறுபடி 10 நிமிடம்.

காலையில் தயிரோடு சாப்பிடத்தான் செய்கிறேன். வீட்டில் என்னவோ ராத்திரி டிவி முன்னாடி மிக்சர் மாதிரி காலியாகுது.